பிள்ளைக்காம்பராவுக்குப் போற பாதை

போன மாசம் அக்கா கூட கிளினிக்குக்குப் போயிருந்தேன். அவளுக்கு முதல் பிள்ளை, ஐந்து கிழமை. சுவரில் ஒரு போஸ்டர். நல்ல வெளிச்சமான வீடு, மெத்தை போட்ட கதிரை, சிரிச்ச முகத்தோட ஒரு அம்மா பால் கொடுத்துட்டு இருக்காங்க. நாங்க நின்ன வரிசையில இருந்த யாருடைய வீட்டிலயும் அப்படி ஒரு கதிரை இருந்திருக்காது. அது பரவாயில்லை, போஸ்டர்னா அப்படித்தான் இருக்கும்.

மிட்வைஃப் மிஸ் நல்ல மனுசி. பொறுமையா எல்லாம் சொன்னாங்க. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும். தண்ணி வேணாம், கொத்தமல்லித் தண்ணி வேணாம், தேத்தண்ணி வேணவே வேணாம். அக்கா எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா: "மிஸ், பத்து கிழமையில நான் பெரட்டுக்குப் போவணுமே, அதுக்குப் பொறவு?"

"அதுக்குத்தான் சட்டத்துல நேரம் இருக்கே. புள்ளைக்காம்பராவுக்கு வந்து குடுத்துட்டுப் போகலாம்."

வீட்டுக்கு வந்து அப்பாயிகிட்ட இதைச் சொன்னோம். அப்பாயி நாற்பது வருசம் கொழுந்து எடுத்தவங்க, ஆறு பிள்ளை பெத்தவங்க. சிரிச்சாங்க. "நேரமா? நேரம் கெடச்சிருந்தா நான் ஏன் தேயிலைத் தூருல பீச்சி விட்டுட்டு வந்தேன்?"

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். மலையகத் தாய்மாரைப் பற்றியும் தாய்ப்பாலைப் பற்றியும் யார் எழுதினாலும் அது கடைசியில் 'அறியாமை'யில்தான் போய் நிற்கும். தோட்டத்து அம்மாமாருக்குத் தெரியாது, சொல்லிக் கொடுக்கணும், விழிப்புணர்வு வேணும். நான் வாசிச்ச வரைக்கும், கேட்ட வரைக்கும், நம்ம கதை அறிவைப் பற்றியது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் நேரத்தைப் பற்றியது. ஒரு பெண்ணின் ஒரு நாளில் எந்த அரை மணி யாருக்குச் சொந்தம் என்கிற கணக்கு.

கோப்பிக் காலத்தில் இந்தக் கணக்கு இவ்வளவு இறுக்கமா இல்லை. கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பழம் பறிக்கிற சில மாசங்களுக்கு. தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்து, பறிச்சு முடிச்சுத் திரும்பினவங்களில் பெரும்பாலானோர் ஆம்பிளைகள். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டு வருசத்தில் கோப்பிச் செடியை இலைநோய் பிடிச்சது. அடுத்த இருபது வருசத்தில் மலை முழுக்கத் தேயிலை. தேயிலை ஒரு பருவத்துப் பயிர் இல்லை. வருசம் முழுக்கத் துளிர்க்கும், ஒரு கிழமை சொச்சத்தில் மறுபடி அதே செடிக்கு வரணும். அதனால் குடும்பமே இங்கே இருக்கணும், அதிலும் கொழுந்தெடுக்கப் பெண்கள் இருக்கணும். நாம இன்னைக்கு இருக்கிற லயங்களும், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும் அந்தத் தேவையில் இருந்து வந்தவை. பெண் மலைக்குப் போனா பிள்ளை எங்கே இருக்கும் என்ற கேள்வியும் அப்போதே வந்தது.

முதலில் பிள்ளையும் மலைக்குத்தான் போனது. மரத்துக் கிளையில் சேலையைக் கட்டி ஏணை போட்டு, பக்கத்தில் ஆறேழு வயசு அக்காளையோ அண்ணனையோ உட்கார வைப்பாங்க. அட்டை, மழை, பனி எல்லாம் இருந்தாலும் ஒரு விஷயம் இருந்தது: பிள்ளை அழுதா அம்மாவுக்குக் கேட்கும். நம்ம தாலாட்டுகள் எல்லாம் வீட்டுத் திண்ணையில் பாடினது இல்லை. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நூலைத் தேடி வாசிங்க, தாலாட்டுக்குள்ள கங்காணியும் துரையும் எப்படி வந்து நிக்கிறாங்கன்னு தெரியும்.

சட்டம் மெதுவா வந்தது. 1912இல் வந்த தோட்டச் சுகாதாரச் சட்டங்களில் தோட்டத்துரையின் கடமைகளில் ஒன்றா இதுவும் இருந்தது: பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் போதுமான சாப்பாடும் தங்குமிடமும் கொடுக்கணும், வைத்திய அதிகாரி சரின்னு சொன்னாலொழிய அந்த மாதத்தில் வேலைக்குக் கூப்பிடக்கூடாது. ஒரு மாதம். இதை வாசிச்சப்ப எனக்கு முதலில் தோன்றினது, பரவாயில்லையே என்றுதான். பிறகு யோசிச்சா, இது உடம்பு தேறுறதுக்கான மாதம். உடம்பு தேறினா மலைக்கு. பால் கொடுக்கிற காலத்தைப் பற்றி அந்தக் கணக்கில் பேச்சே இல்லை.

அப்புறம் பிள்ளைக்காம்பரா. சில தோட்டங்களில் பிள்ளை மடுவம்னு சொல்லுவாங்க. நீளமா ஒரு அறை, புகை படிஞ்ச சுவர், உத்திரத்தில் இருந்து வரிசையாத் தொங்கும் சேலைத் தொட்டில்கள், மலைக்குப் போக முடியாத வயசில் ஒரு ஆயாம்மா. நாம எல்லாரும் அதில வளர்ந்தவங்கதான். அதைக் கேலி பண்ண எனக்கு மனசில்லை. பத்துப் பதினைஞ்சு பிள்ளையை ஒத்தையாப் பார்த்த அந்த ஆயாம்மாக்களுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை, சம்பளமும் சொல்லும்படியா இல்லை. அவங்களால்தான் நம்ம அக்காமார் சிலர் தம்பி தங்கச்சியைப் பார்க்காம பள்ளிக்கூடம் போனாங்க.

ஆனா பிள்ளைக்காம்பரா இன்னொரு வேலையும் செஞ்சது. பிள்ளையை ஏணையிலிருந்து எடுத்து, அம்மாவிடமிருந்து ஒரு மைல் தள்ளி வச்சது. பிள்ளை அழுதா இப்போ அம்மாவுக்குக் கேட்காது. ஆயாம்மாவுக்குத்தான் கேட்கும். அவங்க கையில இருக்கிறது ஒரு போத்தல்.

இந்த இடத்தில் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும், இல்லாட்டி மிச்சக் கதை விளங்காது. தாய்ப்பால் தொட்டியில் சேர்த்து வைக்கிற தண்ணி மாதிரி இல்லை. எடுக்க எடுக்கத்தான் ஊறும். பிள்ளை உறிஞ்சும்போது தாயின் மூளைக்குச் செய்தி போய், பால் சுரக்க ஒரு ஹோர்மோனும், சுரந்த பாலை வெளியே தள்ள இன்னொரு ஹோர்மோனும் வருது. மணிக்கணக்கா எடுக்காம மார்பு கட்டிக்கிட்டே இருந்தா, இவ்வளவு போதும்னு உடம்பு தன் உற்பத்தியைக் குறைச்சுக்கும். இந்த வரவும் செலவும் ஒழுங்குக்கு வர்றது பிள்ளை பிறந்த முதல் சில கிழமைகளில். அந்த நேரத்தில் நாளுக்கு எட்டு மணித்தியாலம் பிரிச்சு வச்சா, "எனக்குப் பால் வத்திப் போச்சு" என்று ஒரு அம்மா சொல்றது பொய்யில்லை. வத்த வச்சது யார் என்பதுதான் கேள்வி.

1939ஆம் ஆண்டில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று இங்கே, ஒன்று சிங்கப்பூரில்.

சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற டொக்டர் ரோட்டரி கழகத்தில் ஒரு பேச்சுப் பேசினார். தலைப்பு 'பாலும் கொலையும்'. ஜமைக்காவில் பிறந்தவர், ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில் வேலை செய்து, குவாஷியோர்கர் என்கிற சத்துக்குறைவு நோயை மருத்துவ உலகத்துக்கு அடையாளம் காட்டியவர். மலாயாவுக்கு வந்தபோது அவர் கண்டது, சீனி நிறைஞ்ச டின்பாலைப் பச்சப் பிள்ளைக்கு உகந்ததுன்னு விளம்பரம் செய்து விற்கிறதை. டின்பால் குடிச்ச பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தன. தாய்ப்பாலுக்குப் பதிலா இதைக் கொடுக்கச் சொல்லிச் செய்யிற பிரசாரத்தால் சாகிற பிள்ளைகளின் சாவைக் கொலை என்றே எண்ணணும்னு அவர் சொன்னார், வியாபாரிகள் உட்கார்ந்திருக்கிற சபையிலேயே. பிறகு ஜப்பான்காரன் பிடிச்சு சாங்கி சிறையில் அடைச்சான். போர் முடிஞ்சு உலக சுகாதார நிறுவனத்தில் தாய் சேய் நலத்துக்குப் பொறுப்பா இருந்தார். நம்ம பாடப்புத்தகத்தில் இந்த அம்மாவின் பேர் ஏன் இல்லைன்னு எனக்கு விளங்கல.

மலாயா ரப்பர் தோட்டங்களிலும் நம்மளைப் போலக் கடல் கடந்து போன தமிழ்ச் சனம்தான். அங்கே பிள்ளைக்காம்பராவுக்கு ஆயாக் கொட்டகைன்னு பேர். நாம இறப்பரைக் கொழுந்துன்னு மாத்தி வாசிச்சுக்கிட்டா போதும்.

அதே வருசம் இலங்கையில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது, 1939இன் 32ஆம் இலக்கம். அரசாங்க சபையின் காலம் அது. ஹட்டனுக்கு உறுப்பினரா கோ. நடேசய்யர் இருந்தார். அவரும் மீனாட்சியம்மாளும் தொழிற்சங்கத்தைத் தோட்டத்துக்குள்ள கொண்டுவர ஹட்டனில் இருந்து ஓடித் திரிஞ்ச வருசங்கள். பிள்ளைப்பேறுக்குக் கொடுக்கிற காசு துரையின் தருமம் இல்லை, தொழிலாளிக்குச் சேர வேண்டியது என்று சட்டப் புத்தகத்தில் ஏறின நேரம் என்பதால் அந்தச் சட்டம் பெரியது. ஆனா சட்டம் வந்து ஒன்பது வருசத்தில், 1948இல், அதே பெண்களின் குடியுரிமையே போயிற்று. ஓட்டு இல்லாதவளின் பால் நேரத்துக்கு எந்த மந்திரி வந்து வாதாடப் போறார்?

சட்டம் பல தடவை திருத்தப்பட்டது. அதில் நமக்கு வேண்டியது பால் கொடுக்கும் இடைவேளை. ஒரு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்குப் பால் கொடுக்கிற பெண்ணுக்கு ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு இடைவேளை விடணும். பிள்ளைக் காப்பகம் இருந்தா ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையக்கூடாது, இல்லைன்னா ஒரு மணிக்குக் குறையக்கூடாது. இந்த 'நாளுக்கு இரண்டு அரை மணி' என்பது இங்கே பிறந்த எண்ணம் இல்லை. 1919இல் சர்வதேச தொழில் அமைப்பு வாஷிங்டனில் கூடி நிறைவேற்றின மகப்பேற்று சமவாயத்திலேயே இருக்கு. மில்லில், ஃபெக்டரியில் வேலை செய்யிற பெண்ணை நினைச்சு எழுதினது. மெஷினை விட்டு எழும்பி, பக்கத்து அறைக்குப் போய்ப் பால் கொடுத்துத் திரும்ப அரை மணி போதும்.

இப்போ அதைக் கொண்டுவந்து மலையில் வைங்க. இன்னைக்குக் கொழுந்து எந்த மலையிலயோ, காம்பரா அந்தப் பக்கம் ஃபெக்டரி ரோட்டில். சட்டம் நிமிசத்தை எண்ணுது, ஏத்தத்தை எண்ணல. இதில் இன்னொரு வேடிக்கை. காப்பகம் இருக்கிற தோட்டம் என்பதால்தான் ஒரு மணி அரை மணியாகக் குறையுது. பேருக்கு ஒரு பிள்ளைக்காம்பராவைக் கட்டி வைத்த தோட்டத்துக்குச் சட்டமே அரை மணியை லாபமாக் கொடுக்குது.

அதுவாவது முழுசாக் கிடைக்குமா? அங்கேதான் கிலோ வருது. நாள் சம்பளத்தை நாம 'பேர்'னு சொல்றோம். தோட்டம் கேட்கிற 18 கிலோவோ 20 கிலோவோ எடுத்தாத்தான் பேர் விழும், குறைஞ்சா அரைப்பேர். பால் கொடுக்கப் போயிட்டு வர்ற பெண்ணுக்கு அந்த ஒரு மணித்தியாலத்துக்காக நிறுவையில் எத்தனை கிலோ கழிக்கிறாங்க? நான் கேட்டுப் பார்த்த அக்காமார் யாருக்கும் அப்படி ஒரு கழிவு கிடைச்சதில்லை. அதனால யாரும் "போகாதே"ன்னு சொல்லத் தேவையில்லை. கணக்கப்பிள்ளை சத்தம் போடவும் வேணாம். பெண்ணே கணக்குப் போட்டுப் பார்த்து, காலையில் போகாம பகல் சாப்பாட்டுக்கு மட்டும் இறங்குவா. மார்பு கட்டினா செடி மறைவில் பீச்சி விடுவா. அப்பாயி சொன்னது இதைத்தான். கைக்காசுக்கு எடுக்கிறவங்க கதை இதை விட மோசம். கிலோவுக்கு இவ்வளவு என்றா, கீழே இறங்குற ஒவ்வொரு நிமிசமும் அவங்க சொந்தக் காசு.

அப்பாயி காலத்தில் இன்னும் ஒரு சிக்கல் இருந்தது, அது நாமளே போட்டுக்கிட்டது. மலையில இருந்து வர்றவ பால் 'சூட்டுப் பால்', உடனே கொடுத்தா வயித்தால போகும். மழையில நனைஞ்சு வந்தா 'குளிர்ப் பால்', சளி பிடிக்கும். அதனால கொஞ்சம் பீச்சி விட்டுட்டு, உட்கார்ந்து ஆறிட்டுத்தான் கொடுக்கணும். இருக்கிற அரை மணியில பத்து நிமிசம் அதுக்கே போயிரும். உண்மையில் வெயிலுக்கும் மழைக்கும் மார்புக்குள்ள இருக்கிற பால் கெடாது, அதன் சூடும் மாறாது. வந்த உடனே கொடுக்கலாம். செய்ய வேண்டியது ஒன்றுதான்: படங்கைக் கழட்டி வச்சுட்டுக் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுறது, ஏன்னா உரமும் மருந்தும் அதிலதான் ஒட்டியிருக்கும். பிறந்த உடனே சீனித் தண்ணியைத் தொட்டு வைக்கிற சேனையும் அப்படித்தான். பெரியவங்க குணம் பிள்ளைக்கு வரட்டும்னு ஆசையில் செய்யிறது, கோவிக்க முடியாது. ஆனா முதல் நாட்களில் மஞ்சளா, கெட்டியா வர்ற சீம்பாலுக்கு முன்னாடி வேறெதுவும் போகக்கூடாது. அது அளவில் கொஞ்சம்தான், பிள்ளையின் வயிறும் அவ்வளவுதான். நோய் எதிர்ப்பு நிறைஞ்சது அதில்தான்.

இதையெல்லாம் சரியாச் சொல்லிக்கொடுக்கக்கூடிய மூத்த பெண்கள் நம்மகிட்ட இல்லாம இல்லை. பிள்ளையை எப்படிப் பிடிக்கணும், காம்பை மட்டும் கொடுக்காம கருப்பு வட்டத்தோட வாய் நிறையக் கொடுக்கணும், பால் கட்டினா ஈரத்துணி போட்டுப் பிள்ளையையே குடிக்க விடணும் என்பதெல்லாம் கை வழியா வந்த அறிவு. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டதும் அந்தக் கைகளும் பிரிஞ்சன. எங்க அப்பாயிக்கு முதல் பிள்ளைப்பேறு பார்த்த அவங்க அக்கா, எழுபதுகளில் கப்பலேறி நீலகிரிப் பக்கம் போனவங்க. அதுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு யாரைக் கேட்கிறதுன்னு தெரியலன்னு அப்பாயி இன்னமும் சொல்லுவாங்க.

அதே எழுபதுகள்தான் பஞ்சமும். 1973, 74இல் அரிசிக் கூப்பன் குறைஞ்சு, மாவு கிடைக்காம, தோட்டங்களில் சனம் செத்தது. வேலை நாளும் குறைஞ்சது. மரவள்ளி இலையைத் தின்னு பால் கொடுத்தேன்னு அப்பாயி சொல்றப்ப, அதை எப்படி வாங்கிக்கிறதுன்னு எனக்குத் தெரியல. தாயின் உடம்பு விசித்திரமானது. சாப்பாடு குறைஞ்சாலும் பாலை எளிதில் குறைக்காது, தன் எலும்பில் இருந்தும் தசையில் இருந்தும் எடுத்துக் கொடுக்கும். அதனால 'சத்தில்லாத அம்மாவுக்குப் பாலும் சத்தில்ல'ன்னு போத்தலுக்கு மாத்துறது தப்பு. ஆனா அந்தக் கடன் அம்மாவின் உடம்பில் ஏறும். அடுத்த பிள்ளை பிறக்கும்போது எடை குறைஞ்சு பிறக்கும்.

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிட்டதும் பால்மா கடைகளில் குவிஞ்சது. உலகத்தில் அதுக்கு முன்னாடியே சண்டை தொடங்கியிருந்தது. 1974இல் இங்கிலாந்தில் 'குழந்தைக் கொலையாளி' என்ற அறிக்கை வந்தது, ஏழை நாடுகளில் குழந்தைப் பால்மா விற்கிற முறையைப் பற்றி. 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்பு. 1981 மே மாதம் உலக சுகாதார சபையில் பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச நெறிக்கோவை வந்தபோது 118 நாடுகள் ஆதரிச்சன, எதிர்த்தது அமெரிக்கா மட்டும். இலங்கை அந்த நெறிக்கோவையைத் தனதாக்கிக்கொண்ட முதல் நாடுகளில் ஒன்று. இன்னைக்கு நம்ம டீவியில் ஆறு மாசக் குழந்தைக்கான பால்மா விளம்பரம் வராததுக்குக் காரணம் அதுதான்.

இதில் நாம பெருமைப்படலாம், நான் படுகிறேன். 2016 குடிசன சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டுமே குடிக்குது. 2020இல் தாய்ப்பாலுக்கு ஆதரவான கொள்கைகளை அளக்கும் உலகப் பட்டியல் ஒன்றில் இலங்கை 100க்கு 91 எடுத்து முதலிடம். ஆனா அதே 2016 அளவீட்டில் இன்னொரு பக்கம் இருக்கு. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயசுக்கேற்ற உயரம் இல்லாதவங்க நாடு முழுக்க 17 வீதம். தோட்டப்புறத்தில் 32 வீதம். மூணு பிள்ளைக்கு ஒண்ணு. இரண்டு எண்ணும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கு.

இந்த இரண்டாம் எண்ணுக்கு தாய்ப்பால் மட்டும் காரணம்னு சொன்னா அது பொய். பிறப்பு எடை, லயத்துத் தண்ணி, மலகூடம், ஆறு மாசத்துக்குப் பிறகு தட்டில் என்ன விழுது, அம்மாவின் இரத்தசோகை எல்லாம் சேரும். சாப்பாட்டோட சாயத்தண்ணி குடிச்சா சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர்றது குறையும் என்பதும் அதில் ஒன்று. நாம பறிக்கிற இலைதான். போத்தலில் சீனி போட்ட சாயத்தண்ணியைப் பிள்ளைக்காம்பராவுக்குக் கொடுத்து விடுற வழக்கம் இன்னும் முழுசாப் போகல. அந்தப் போத்தலைப் பார்த்து அம்மாவைத் திட்டுறதுக்கு முன்னாடி, அவ காலையில நாலு மணிக்கு எழும்பினதில் இருந்து கணக்கைப் பார்க்கணும்.

கணக்கு இது. 2018க்கு முன்னாடி மூன்றாவது பிள்ளையில் இருந்து மொத்த லீவே 42 நாள். அதில் பிள்ளை பிறந்த பிறகு மிஞ்சுறது 28 நாள். கடைசித் தங்கச்சி பிறந்து இருபத்தெட்டாம் நாள் எங்க அம்மா மலையில் நின்னாங்க. அதாவது 1912இல் துரைக்கு விதிச்ச அந்த ஒரு மாதத்தை விடவும் இரண்டு நாள் குறைவு! 2018இன் 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் எத்தனையாவது பிள்ளைன்னாலும் 84 நாள் என்று ஆக்கியது. பிள்ளை பிறந்த பிறகு எழுபது நாள், பத்து கிழமை. அரசாங்க வேலையில் இருக்கிற டீச்சருக்கு முழுச் சம்பளத்தோட 84 வேலை நாள், வேணும்னா அரைச் சம்பளத்தில் இன்னொரு 84, சம்பளம் இல்லாம மேலும் 84. டீச்சருக்குக் குறைக்கச் சொல்லல. ஒரே கிளினிக்கில், ஒரே போஸ்டருக்குக் கீழே இரண்டு பேரும் உட்கார்ந்திருக்காங்கன்னு மட்டும் சொல்றேன்.

ஆறு மாசம் என்பது 26 கிழமை. பத்தைக் கழிச்சா 16. கிழமைக்கு ஆறு நாள் வேலைன்னு வச்சா 96 நாள். நாளுக்கு ஒரு மணித்தியாலம் பால் நேரம். மொத்தம் 96 மணித்தியாலம், அதாவது சரியா நாலு நாள். ஒரு பிள்ளை ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் குடிக்க தோட்டம் விட்டுக்கொடுக்க வேண்டியது மொத்தத்தில் அவ்வளவுதான்.

நிலைமை ஒண்ணுமே மாறலன்னு சொல்ல வரல. தோட்டங்கள் 1992இல் கம்பனிகள் கைக்குப் போன பிறகு வந்த நலத் திட்டங்களில் பல பிள்ளைக்காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையமா மாறிச்சு. வெளிச்சம் வந்தது, பயிற்சி எடுத்த பிள்ளைகள் பொறுப்பில் இருக்காங்க, சுவரில் யானையும் கிளியும் இருக்கு. பிரசவம் இப்போ லயத்தில் இல்லை. 2017 மே மாதம் டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தை இந்தியப் பிரதமர் திறந்தப்ப, நோர்வூட் மைதானத்தில் நானும் அப்பா தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கூட்டம் ஹெலிகொப்டரைப் பார்த்துக் கையசைச்சது நல்லா ஞாபகம் இருக்கு. ஆஸ்பத்திரியில் பிறந்த முதல் மணித்தியாலத்துக்குள்ள மார்பில் போடுறாங்க, தாதிமார் பக்கத்தில் நின்னு பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறாங்க. முதல் பத்து கிழமை நல்லாத்தான் போகுது. உடையுறது பதினோராவது கிழமை.

அதனால அந்தப் பதினோராவது கிழமைக்கு அக்கா இப்பவே தயாராகிறா. மிஸ்கிட்ட மறுபடி போய்க் கேட்டு எழுதிக்கிட்டு வந்தோம், உங்க வீட்டிலும் யாருக்காவது உதவும். வேலைக்குப் போக இரண்டு மூணு கிழமைக்கு முன்னாடியே கையால பால் எடுத்துப் பழகணும். பெருவிரலையும் மற்ற விரல்களையும் கருப்பு வட்டத்துக்குக் கொஞ்சம் பின்னால வச்சு, நெஞ்சுப் பக்கமா அமத்தி, பிறகு சேர்த்துப் பிழியணும். வலிச்சா இடம் தப்பு. கொதிக்க வச்சுக் காய வச்ச மூடி போட்ட எவர்சில்வர் டம்ளரில் எடுத்தா, வெளியே நாலு மணித்தியாலம் வச்சிருக்கலாம். பிரிட்ஜ் இருக்கிற வீட்டில் நாலு நாள். கொடுக்கிறப்ப போத்தலும் சூப்பியும் வேணாம், சின்னக் கப்பில் உதட்டோரம் வச்சா பச்சப் பிள்ளையே நக்கிக் குடிச்சுக்கும். சூப்பி பழகினா மார்பை மறுக்கலாம், அதைக் கழுவுறதும் கஷ்டம். பெரட்டுக்குக் கிளம்ப முன்னாடி ஒரு தடவை, வந்த உடனே ஒரு தடவை, ராத்திரி எத்தனை தடவை கேட்டாலும். ராத்திரி பால் கூடுதலா ஊறும், அதுதான் பகலில் விட்டதை ஈடு கட்டும். பிள்ளை நாளுக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போனா, எடையும் ஏறினா, பால் போதுது. மார்பு சிவந்து காய்ச்சலும் வந்தா ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஆனா பால் கொடுக்கிறதை நிறுத்தக்கூடாது.

ராத்திரி நாலு தடவை எழும்பினவ காலையில நாலு மணிக்கு அடுப்பு மூட்டணும்னா இது எதுவும் நடக்காது. மாமாவுக்கு (அக்கா வீட்டுக்காரர்) இதைச் சொன்னப்ப கொஞ்சம் யோசிச்சார். இப்போ ரொட்டி அவர்தான் சுடுறார். வட்டமா வரல, ஆனா வேகுது.

தொழிற்சங்கத் தலைவர்கிட்ட கிலோக் கழிவைப் பற்றிக் கேட்டோம். அடுத்த கூட்டத்தில் பேசலாம்னு சொன்னார். பால் நேரம் சட்டத்தில் இருக்குன்னு அவருக்கும் தெரிஞ்சிருந்தது, நிறுவையில் அதை எப்படிக் கேட்கிறதுன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டு வரலயாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா எடுக்கப் போற மலைக்கு நான் ஏறினேன். ஃபோனில் நேரத்தை வச்சுட்டு, கொழுந்துக் கூடை இல்லாம, மழையும் இல்லாத வெயில் நேரத்தில், உச்சித் தொங்கலில் இருந்து பிள்ளைக்காம்பரா வாசல் வரைக்கும் நடந்து பார்த்தேன். இறங்க 11 நிமிசம். ஏற 16.